கரி படிந்த அங்கி

சிறுநீரகத்தில் பிறக்கும் சிறுநீர், பை வழியாக வெளியேறும் வரை ஓடுகிற பாதை முழுக்க உட்புறத்தில் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. பை நிரம்பும்போது விரியும், காலியானால் சுருங்கும். உடம்புக்குள் புகுந்த நச்சுகளில் பலவற்றை இரத்தம் சிறுநீரகத்தில்தான் கொண்டுபோய் இறக்குகிறது. இறக்கிய நச்சு வெளியே போகும்வரை தொட்டுக்கொண்டே இருப்பது இந்தச் சவ்வை. இதில் தோன்றும் புற்றுநோய் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குச் சிறுநீர்ப்பையில்தான் வரும், ஏனென்றால் சிறுநீர் மணிக்கணக்கில் தேங்கி நிற்கும் இடம் அதுதான். மேலே, சிறுநீரகத்தின் வாயிலேயே வருவது அபூர்வம்.

2001இல் சான் பிரான்சிஸ்கோ தீயணைப்புத் துறையின் கேப்டன் டோனி ஸ்டெஃபானிக்கு வந்தது அந்த அபூர்வ வகை. அவர் இருந்தது ரெஸ்க்யூ 1 என்ற மீட்புக் குழுவில். நகரத்தில் பெரிய தீ எங்கே பிடித்தாலும் உள்ளே ஆள் தேடப் போகிற குழு அது. இது இரசாயனத் தொழிற்சாலை ஆட்களிடம் பார்க்கிற நோயாயிற்றே என்பதுதான் மருத்துவத் தரப்பிலிருந்து அவர் கேட்ட முதல் செய்தி. அந்தச் சந்தேகத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட பின்னணி உண்டு. 1895இல் லுட்விக் ரேன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர், ஃபிராங்க்ஃபர்ட் வட்டாரத்தில் அனிலின் சாயப் பட்டறையில் வேலை செய்தவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருவதைக் கவனித்து எழுதினார். தொழிலால் வரும் புற்றுநோய் என்றாலே மருத்துவ மாணவர்கள் முதலில் படிக்கும் எடுத்துக்காட்டுகளில் அதுவும் ஒன்று. சாயப் பட்டறையையே மிதிக்காத ஒரு தீயணைப்பாளருக்கு அதே நோய் எப்படி வந்தது? அவருடன் வேலை செய்த இன்னும் சிலருக்கும் அதே வகைப் புற்றுநோய் வந்தபோது, அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாமல் போயிற்று.

ஸ்டெஃபானி பிழைத்தார், ஓய்வு பெற்றார். 2006இல் சான் பிரான்சிஸ்கோ தீயணைப்பாளர் புற்றுநோய்த் தடுப்பு அறக்கட்டளையைத் தொடங்கினார். தீயணைப்பாளரின் உடல்நலத்துக்காகப் பேசுகிற ஓய்வுபெற்றவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பலர் இருக்கிறார்கள். அவர்களில் இவரைத் தேர்ந்தெடுத்து எழுதக் காரணம், இவருடைய வேலை மருத்துவமனையோடு நிற்கவில்லை என்பதுதான். சோபாவுக்குள் இருந்த பஞ்சு வரைக்கும் போனது.

அந்தச் சோபாவிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

1975இல் கலிஃபோர்னியா மாநிலம் டிபி 117 என்ற விதியைக் கொண்டுவந்தது. மேசை நாற்காலிகளுக்குள் வைக்கிற பாலியூரித்தேன் ஃபோமைத் தனியாக எடுத்து, சின்னச் சுடரை 12 விநாடி காட்டினால் அது பற்றிக்கொள்ளக் கூடாது. இவ்வளவுதான் விதி. ஃபோம் என்பது பெட்ரோலியத்திலிருந்து வருவது, சும்மா விட்டால் எரியத்தான் செய்யும். அதனால் தயாரிப்பாளர்கள் புரோமினும் குளோரினும் கலந்த தீத்தடுப்பு இரசாயனங்களை ஃபோமில் கலந்தார்கள், சிலவற்றில் ஃபோமின் எடையில் 5 விழுக்காடு வரைகூட. கலிஃபோர்னியாவுக்கென்று தனியாக ஒரு சோபா செய்வது கட்டுப்படியாகாது என்பதால் நாடு முழுக்க அதே ஃபோம் போயிற்று.

விதியின் கோளாறு அதன் சோதனையிலேயே இருந்தது. வீட்டில் சோபா எப்படித் தீப்பிடிக்கிறது? பெரும்பாலும் அணையாத சிகரெட் மேலுறையில் விழுந்து, துணி கனன்று, பிறகு பற்றும். துணி பற்றிய பிறகு ஃபோமுக்கு வந்து சேருவது சின்னச் சுடர் இல்லை, பெரிய நெருப்பு. அந்த நெருப்புக்கு முன்னால் ஃபோமில் கலந்த தீத்தடுப்பு மருந்து நிற்காது. நிற்காததோடு, புரோமினும் குளோரினும் எரிதலை அரைகுறையாக்குகின்றன. அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் புகையும் கரியும் கூடும். புரோமின் சேர்மங்கள் எரியும்போது டயாக்சின், ஃபியூரான் இனத்து நச்சுகள் பிறக்கும். ஆக, வீட்டில் இருப்பவர் தப்பிக்கப் பெரிதாக நேரம் கிடைக்கவில்லை, உள்ளே போகிற தீயணைப்பாளருக்கு மட்டும் புகை மோசமானது.

சான் பிரான்சிஸ்கோ தீயணைப்பாளர்கள் 12 பேர், தீயை அணைத்துவிட்டு வந்த கையோடு ஓர் ஆய்வுக்காக இரத்தம் கொடுத்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில், அவர்களின் இரத்தத்தில் புரோமின் தீத்தடுப்பு மருந்துகள் பொதுமக்களைவிட அதிகமாக இருந்தன, டயாக்சின் இனத்து நச்சுகளும் கண்டறியப்பட்டன. பன்னிரண்டு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மருந்து சோபாவிலிருந்து ஆள் உடம்புக்குள் ஏறுகிறதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அது போதும்.

2012 ஜூலையில் அமெரிக்க செனட் குழு இதைப் பற்றி விசாரணை நடத்தியபோது ஸ்டெஃபானி நேரில் போய்ச் சாட்சி சொன்னார். இரசாயனத் தொழில்துறை அதுவரை, இந்த மருந்துகள் உயிர் காக்கின்றன என்றும், தீயணைப்பாளர்களுக்கும் இதுவே பாதுகாப்பு என்றும் சொல்லி வந்தது. தீக்குள் போய் வந்தவரே எதிரில் உட்கார்ந்து எங்களுக்கு இது வேண்டாம் என்று சொன்னால் அந்த வாதம் எப்படி நிற்கும்? விதி மாறியது. டிபி 117-2013 என்ற புதிய சோதனையில் சுடர் இல்லை, எரியும் சிகரெட்டை மேலுறையில் வைத்துக் கனல்கிறதா என்று பார்ப்பார்கள். மருந்து கலக்காத ஃபோமே இதில் தேறிவிடும். 2015 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் அது கட்டாயம், 2021 முதல் அமெரிக்கா முழுக்க. 2018இல் கலிஃபோர்னியா இன்னொரு சட்டம் போட்டு, சோபா, மெத்தை ஃபோம், குழந்தைகளுக்கான பொருள்களில் இந்த மருந்துகளையே தடுத்தது. அது 2020இல் நடைமுறைக்கு வந்தது.

பழைய சோபாக்கள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன, எரியத்தான் போகின்றன. மருந்து இல்லாவிட்டாலும் பாலியூரித்தேன் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் ஐசோசயனேட்டும் வரும், பிவிசி குழாயும் வயர் உறையும் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். மரமும் பருத்தியும் நிறைந்த பழைய பாணி அறை முழுதாகப் பற்றிக்கொள்ள ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். இன்றைய பிளாஸ்டிக் அறை 5 நிமிடத்துக்குள் பற்றிவிடுவதைச் சோதனைக்கூடங்களில் பக்கத்தில் பக்கமாக எரித்துக் காட்டியிருக்கிறார்கள். தீயணைப்பு வண்டி வந்து சேரும்போது உள்ளே இருப்பது முழுதாக வளர்ந்த தீ.

இப்போது அதிகம் பேர் கவனிக்காத இடத்துக்கு வருகிறேன். சுடர் அணைந்த பிறகு ஓவர்ஹால் என்று ஒரு வேலை இருக்கிறது. சுவரை உடைத்து, கூரைப் பலகையைக் கொக்கியால் இழுத்து, சாம்பலைக் கிளறி, உள்ளே தணல் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துத் தண்ணீர் ஊற்றுவது. சுடரோடு நடக்கும் சண்டை இருபது நிமிடத்தில் முடிந்தாலும் இது மணிக்கணக்கில் போகும். மூச்சுக்கருவியைக் கழற்றுவது இந்த நேரத்தில்தான்.

ஏன் கழற்றுகிறார்கள் என்பதற்கும் கணக்கு உண்டு. 45 நிமிட சிலிண்டர் என்று பெயர் போட்டிருப்பதில் ஏறத்தாழ 1,800 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்ற கணக்கில் எழுதிய பெயர் அது. முழு அங்கியோடு படியேறி, கொக்கி இழுக்கிற ஆள் அதைப் போல இரண்டு மடங்கு இழுப்பார். மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்போதே எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கிவிடும். ஆகக் கையில் இருப்பது 15 நிமிடச் சொச்சம். ஓவர்ஹால் முடிய ஓர் ஆளுக்கு மூன்று நான்கு சிலிண்டர் வேண்டும். வண்டியில் அத்தனை இல்லை, நிரப்பும் வண்டி வரவில்லை, முதுகு வலிக்கிறது, புகையும் கண்ணுக்குத் தெரியவில்லை. முகமூடி கழுத்துக்கு இறங்குகிறது.

பல துறைகளில் கார்பன் மோனாக்சைடு அளவி 35 பிபிஎம்முக்கு, அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 35 பங்குக்குக் கீழே காட்டினால் முகமூடியைக் கழற்றலாம் என்று ஒரு பழக்கம் இருந்தது. ஃபீனிக்ஸ் நகரில் 25 தீ நிகழ்வுகளில் ஓவர்ஹால் நேரத்துக் காற்றை அளந்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. கார்பன் மோனாக்சைடு குறைவாக இருப்பதை வைத்து மற்ற நச்சுகளும் குறைவு என்று சொல்ல முடியாது என்பது அதில் தெளிவானது. ஃபார்மால்டிஹைடு, அக்ரோலீன், பென்சீன் எல்லாம் அந்தக் காற்றில் வரம்பைத் தாண்டியிருந்தன. பழைய கட்டடமாக இருந்தால் உடைக்கிற சுவரிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் இழையும் பறக்கும். தூசு அடங்கும்வரை முகமூடி கழற்றக் கூடாது, அதற்கு வேண்டிய சிலிண்டரையும் மாற்று ஆளையும் கொண்டுவருவது தலைவரின் கடமை. அணைத்துக் களைத்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் புதிதாக ஒரு குழுவை ஓவர்ஹாலுக்கு இறக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மூக்கை மூடினால் மட்டும் போதாது என்பதைக் காட்டியது கழுத்து. தலைக்குப் போடும் வழக்கமான ஹூட் பின்னல் துணியால் ஆனது. சூட்டைத் தடுக்கும், ஆனால் நுண்கரியைத் தடுக்காது. முகமூடிக்கும் காலருக்கும் நடுவே அந்த ஒற்றைத் துணிதான் பாதுகாப்பு. தீயில் நின்று வந்தவரின் கழுத்தைத் துடைத்துப் பார்த்தால் பிஏஎச் எனப்படும் பலவளைய ஹைட்ரோகார்பன்கள் தேறும். இவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை என்பது உறுதியானது. கழுத்துத் தோல் மெலிது, வேர்த்துச் சூடான தோல் இன்னும் எளிதாக உறிஞ்சும். கனடாவின் ஒட்டாவாவில் தீக்குப் போன பிறகு எடுத்த சிறுநீரில், பிஏஎச் சிதைந்து உருவாகும் பொருள்கள் போகுமுன் இருந்ததைவிட ஏறக்குறைய 3 முதல் 5 மடங்கு வரை கூடியிருந்தன. சிறுநீரில் என்பதைக் கவனியுங்கள். முதல் பத்தியில் சொன்ன சவ்வைத் தொட்டுக்கொண்டு நின்ற பொருள்தான் அது.

இனி அங்கி. தீயணைப்பு அங்கிக்கு மூன்று அடுக்கு. வெளியே நோமெக்ஸ், கெவ்லார், பிபிஐ போன்ற இழைகளால் நெய்த தடித்த துணி. நடுவில் தண்ணீர் உள்ளே புகாமல் வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் சவ்வுத் தாள். உடம்பை ஒட்டிச் சூடு தடுக்கும் பஞ்சு அடுக்கு. தீயிலிருந்து வெளியே வந்த அங்கியைத் தட்டினால் கரித்தூள் பறக்கும். முன்கையை மடக்கினால் முழங்கை மடிப்பில் கரி பசைபோல ஒட்டி மினுங்கும். வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினால் புகை நாற்றம் கண்ணைக் கரிக்கும். அந்த நாற்றமே அங்கியிலிருந்து ஆவியாகிக்கொண்டிருக்கும் இரசாயனந்தான். இதே அங்கியைப் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டி வைத்து, கார் டிக்கியில் போட்டு, வீட்டு வாஷிங் மெஷினில் குழந்தைச் சட்டையோடு துவைத்த காலம் நெடுநாள் இருந்தது. கரியேறிய ஹெல்மெட் அனுபவத்தின் அடையாளம் என்று மதிக்கப்பட்டது. புதுசாகச் சேர்ந்த பையனின் மஞ்சள் அங்கியைப் பார்த்துக் கிண்டல் செய்வார்கள்.

கழுவினால் எவ்வளவு போகும் என்பதற்கு நல்ல கணக்கு இருக்கிறது. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நயோஷும் இல்லினாய் தீயணைப்புப் பயிற்சி நிறுவனமும் சேர்ந்து, உண்மையான அறைகளை எரித்துச் செய்த ஆய்வு 2017இல் வந்தது. அங்கியின் மேற்புறப் பிஏஎச்சை, காற்று ஊதி எடுத்தால் 2 விழுக்காடு போயிற்று. உலர் பிரஷ்ஷால் தேய்த்தால் 23 விழுக்காடு. சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்து அலசினால் 85 விழுக்காடு. கழுத்தை ஈரத் துடைப்பானால் துடைத்தாலே தோலில் இருந்ததில் 54 விழுக்காடு போயிற்று. ஒரு வாளி, ஒரு பிரஷ், பாத்திரம் கழுவும் திரவம், தோட்டத்துக் குழாய் ஒன்று. இத்தனை மலிவான தற்காப்பு தீயணைப்புத் தொழிலில் வேறு கிடையாது.

செய்யும் முறையில்தான் பிழைகள் நடக்கின்றன. வெளியே வந்தவுடன் முகமூடியைக் கழற்றாமல், காற்றை இழுத்துக்கொண்டே நிற்க வேண்டும். தேய்க்கும்போது கரி மேலே கிளம்பும் என்பதால் தேய்ப்பவரும் கையுறையும் முகக்கவசமும் போட்டிருக்க வேண்டும். ஹெல்மெட்டில் தொடங்கித் தோள், சிலிண்டர்ப் பட்டை, முன்புறம், பின்புறம், கால், கடைசியாக பூட்ஸ் என்று மேலிருந்து கீழே வர வேண்டும். முதலில் தண்ணீர் காட்டி, சோப்புத் தண்ணீர் தெளித்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி அலசுவது. தண்ணீர் மெதுவாக வர வேண்டும். தீயணைக்கும் குழாயின் அழுத்தத்தில் அடித்தால் கரி வெளித்துணியைத் துளைத்து உள் அடுக்குக்குப் போய்விடும். பட்டைகளை மறந்துவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. அங்கி சுத்தமாக இருக்கும், அடுத்த முறை மூச்சுக்கருவியை மாட்டும்போது பழைய கரி அப்படியே தோளுக்கு வரும்.

அலசி முடித்துக் கழற்றிய அங்கியைத் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ஆட்கள் உட்காரும் கேபினில் வைக்காமல் வெளிப் பெட்டியில் ஏற்ற வேண்டும். கையையும் முகத்தையும் கழுத்தையும் அக்குளையும் துடைத்த பிறகுதான் தண்ணீர்ப் பாட்டிலைத் தொடலாம். கரிக்கையோடு பிஸ்கட் தின்பது நச்சு வாய்வழி போகும் நேர்வழி. நிலையத்துக்குத் திரும்பியதும் ஒரு மணி நேரத்துக்குள் குளியல், உள்ளாடை உட்பட மாற்று உடை.

முழுச் சலவை தனி. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 1851 என்ற தரநிலை இதற்கு எண் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஆண்டுக்குக் குறைந்தது 2 முறை, அழுக்கான ஒவ்வொரு முறையும் கூட. வெளி அடுக்கையும் உள் அடுக்கையும் பிரித்துத் தனித்தனியாகப் போட வேண்டும். தண்ணீர்ச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. சோப்பின் அமில காரத்தன்மை (பிஎச் அளவு) 6க்கும் 10.5க்கும் இடையில். குளோரின் ப்ளீச் கூடவே கூடாது, கெவ்லார் இழையை அரித்துவிடும். பிழியும் வேகம் புவியீர்ப்பைப் போல 100 மடங்குக்கு மேல் போனால் நடுச் சவ்வு கிழியும். உலர்த்துவதும் நிழலில்தான், நேர்வெயிலில் போட்டால் இழை வலுவிழக்கும். தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டு ஆனதும் அங்கி கழிந்தது, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் சரி.

இந்த விதிகளைப் படிப்பது எளிது, ஆனால் கடைப்பிடிக்க ஆளுக்கு இரண்டு செட் அங்கி வேண்டும். ஒன்று சலவையில் இருக்கும்போது இன்னொன்று மாட்ட வேண்டுமல்லவா. ஒரே ஓர் அங்கியைக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு தீக்கும் பிறகு துவை என்று சுற்றறிக்கை அனுப்புவதில் எந்தப் பயனும் இல்லை. ஓய்வு பெற்றவர்களும் சங்கங்களும் வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு வாங்கியது இந்த இரண்டாவது அங்கியைத்தான். சலவை எல்லாவற்றையும் எடுத்துவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. ஹூட்டுகளைச் சலவை செய்து பார்த்ததில் பிஏஎச் பெருமளவு குறைந்தது, சோபாவிலிருந்து வந்த பழைய புரோமின் மருந்துகளோ அசையவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கசப்பான கண்டுபிடிப்பு பாக்கி இருந்தது. கரியே படியாத புது அங்கியிலும் நச்சு இருந்தது. வெளித்துணியில் தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாமல் வழிய வைக்கும் பூச்சும், நடுச் சவ்வும் ஃபுளூரின் சேர்மங்களால் ஆனவை. பீஃபாஸ் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லப்படும் குடும்பம் அது, எளிதில் சிதையாதது. நாட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் கிரகாம் பீஸ்லி குழு 2020இல் அங்கிகளைச் சோதித்து, பூச்சிலிருந்தும் சவ்விலிருந்தும் அது உதிர்வதையும், உள் அடுக்குக்கு இடம் பெயர்வதையும் காட்டியது. சான் பிரான்சிஸ்கோவிலேயே பெண் தீயணைப்பாளர்கள் 86 பேரின் இரத்தத்தை நகர அலுவலகப் பெண்கள் 84 பேரின் இரத்தத்தோடு ஒப்பிட்ட ஆய்வில், பீஃபாஸ் குடும்பத்தில் சில சேர்மங்கள் தீயணைப்பாளர்களிடம் கூடுதலாக இருந்தன. 2023 இறுதியில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஏவை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் தொகுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சேர்த்தது. 2024 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ, பீஃபாஸ் கலந்த தீயணைப்பு அங்கிக்குத் தடை போட்டது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. பழைய அங்கிகளை மாற்றி முடிக்க 2026 நடுப்பகுதி வரை கெடு.

அதே அமைப்பு 2022 ஜூனில் லியோன் நகரில் கூடி, தீயணைப்பு வேலையையே முதல் தொகுதியில் வைத்தது. அதற்கு முன் 2007இல் கூடியபோது இருக்கலாம் என்ற நிலையில்தான் வைத்திருந்தார்கள். உறுதியான சான்று உள்ளவை என்று சொன்னது இரண்டு: நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா, சிறுநீர்ப்பைப் புற்றுநோய். பெருங்குடல், புராஸ்டேட், விந்தகம், தோலின் மெலனோமா, ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு ஓரளவு சான்று. சிறுநீர்ப்பை அந்தப் பட்டியலில் ஏறுவதற்கு இருபதாண்டுக்கு முன்பே ரெஸ்க்யூ 1 குழுவின் ஆட்களுக்கு அந்தச் சவ்வில் நோய் வந்திருந்தது.

அறக்கட்டளை தன் முதல் வேலைகளில் ஒன்றாக எடுத்தது சிறுநீர்ச் சோதனை. பணியில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கூப்பிட்டு, கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் காட்டும் பட்டையும், என்எம்பி 22 என்ற புரதத்தைக் காட்டும் சோதனையும் செய்தார்கள். அந்த முடிவுகள் 2008இல் மருத்துவ இதழில் வெளியாயின. இது எளிமையானது, வலியில்லாதது, ஆனால் குழப்பக்கூடியதும்தான். சிறுநீர்த் தொற்று, கல், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி எல்லாம் பட்டையில் நிறம் காட்டிவிடும். அதனால் ஒருமுறை காட்டினால் பயப்படாமல் தொற்றுக்குப் பார்த்து, மறுபடி சோதித்து, மீண்டும் காட்டினால் மட்டும் உள்நோக்குக் கருவிச் சோதனைக்குப் போக வேண்டும். வலியே இல்லாமல் சிறுநீர் ஒருமுறை சிவந்து, மறுநாள் தானாகத் தெளிந்தால் சரியாகிவிட்டது என்று விடுவதுதான் பெரிய தவறு. இந்தப் புற்றுநோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் அதுவே, அது விட்டுவிட்டு வரும். மருத்துவரிடம் போகும்போது, நான் இத்தனை ஆண்டு தீயணைப்பாளர் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெற்றவர் என்று மட்டும் படிவத்தில் எழுதினால் எதிரில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது.

நோய் வந்தபின் நடக்கும் சண்டை வேறு வகை. தொழிலாளர் இழப்பீட்டில் வழக்கமான விதி, நோய் வேலையால்தான் வந்தது என்று நோயாளி நிரூபிக்க வேண்டும் என்பது. எந்தத் தீ, எந்த வேதிப்பொருள், எத்தனை மணி நேரம்? முப்பது ஆண்டில் ஆயிரக்கணக்கான அழைப்புகளுக்குப் போனவர் இதை எங்கிருந்து நிரூபிப்பார்? கலிஃபோர்னியா 1982இலேயே இதைத் தலைகீழாக்கிச் சட்டம் போட்டது. தீயணைப்பாளருக்குப் புற்றுநோய் வந்தால் அது வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும். 1999இல் திருத்திய பிறகு, லியோன் அமைப்பு வகைப்படுத்திய ஒரு நச்சுக்குப் பணியில் ஆட்பட்டதைக் காட்டினால் போதும், தொடர்பு இல்லை என்று நிரூபிப்பது வேலை கொடுத்தவர் பொறுப்பு. கனடாவில் மனிடோபா மாகாணம் 2002இல் இதே பாதையில் முதலாவதாக நடந்தது, ஆஸ்திரேலியா 2011இல்.

ஆனால் ஓய்வு பெற்றவருக்கு அதில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. கலிஃபோர்னியாவில் முழுதாகச் செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 3 மாதம் வீதம், கடைசியாக வேலை பார்த்த நாளிலிருந்து அந்தப் பாதுகாப்பு நீளும், அதிகபட்சம் 120 மாதம். 28 ஆண்டு செய்தவருக்கு 84 மாதம், அதாவது 7 ஆண்டு. ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரல் உறையில் புகுந்து மீசோதீலியோமாவாக மாற எடுக்கும் காலமோ 20 முதல் 50 ஆண்டு. 55 வயதில் ஓய்வு பெற்றவருக்கு 70இல் அது வந்தால், சட்டத்தின் கைக்கு அப்பால் இருக்கிறார். எந்த நோய்க்கு உறுதியான சான்று இருக்கிறதோ அந்த நோய்க்கே கெடு போதவில்லை என்பது நியாயமில்லை. மாற்ற வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

அதுவரை கையில் இருக்கும் ஒரே ஆயுதம் குறிப்பேடு. ஒவ்வொரு பெரிய தீக்கும் ஒரு வரி போதும்: தேதி, இடம், நிகழ்வு எண், என்ன எரிந்தது, உள்ளே எத்தனை மணி நேரம், ஓவர்ஹாலில் முகமூடி இருந்ததா, அங்கி எப்போது துவைத்தது, உடன் இருந்தவர்கள் யார். துறையின் கணினியில் எல்லாம் இருக்கும் என்று நம்பி விட்டவர்கள், மென்பொருள் மாறியபோது பழைய பதிவுகளைத் தேட முடியாமல் தவித்திருக்கிறார்கள். தன் பிரதியைத் தன் வீட்டில் வைத்திருப்பதே நல்லது, இன்னொன்றை வீட்டில் இருப்பவருக்குத் தெரிகிற இடத்தில்.

தனித்தனிக் குறிப்பேடுகளைச் சேர்த்தால்தான் அறிவியல் கிடைக்கும். சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ, ஃபிலடெல்ஃபியா நகரங்களில் 1950 முதல் பணியாற்றிய ஏறக்குறைய 30,000 பேரை நயோஷ் 2009 வரை தொடர்ந்து பார்த்ததில், பொதுமக்களைவிடப் புற்றுநோய் 9 விழுக்காடும் புற்றுநோய் மரணம் 14 விழுக்காடும் கூடுதலாக இருந்தன, மீசோதீலியோமா இரண்டு மடங்கு. அந்தக் கணக்கில் பெண்கள் மிகக் குறைவு, சம்பளமில்லாத் தன்னார்வலர்கள் இல்லவே இல்லை. அந்தக் குறையை நிரப்ப 2018இல் சட்டம் போட்டு, 2023 ஏப்ரலில் அமெரிக்கா முழுதுக்குமான தீயணைப்பாளர் புற்றுநோய்ப் பதிவேட்டைத் திறந்தார்கள். இணையத்தில் அரை மணி நேர வேலை. பணியில் இருப்பவர், தன்னார்வலர், காட்டுத்தீ அணைப்பவர், பயிற்சி கொடுப்பவர் எல்லோரும் சேரலாம், ஓய்வு பெற்று எத்தனை ஆண்டு ஆனாலும் சேரலாம். பெயரைப் பதியப் புற்றுநோய் இருக்க வேண்டும் என்பதில்லை. இல்லாதவர்களும் பதிந்தால்தான் கணக்கு சரியாக வரும்.